டர்போ போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்

போன மழைக்காலத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு டூரிஸ்ட் டீசல் கார் என் ஷெட்டுக்கு வந்தது. ஓட்டுகிற தம்பி ரொம்பவும் உடைந்துபோயிருந்தான். "டர்போ புதுசா மாத்திட்டேன்ணா. பதினஞ்சு நாள்ல திரும்பவும் புகை அடிக்குது" என்றான். வேறொரு இடத்தில் டர்போ, அதாவது என்ஜினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கும் விசிறி, போச்சு என்று சொல்லி, அவனுடைய இரண்டு மாதச் சம்பாத்தியத்தை வாங்கியிருந்தார்கள். நான் டர்போவைக் கழற்றிப் பார்த்தேன். ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை, வீல் எங்கும் உரசவில்லை. அடுத்து, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் ஓஸைக் கழற்றினேன். ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குக் கறுப்புக் களி அடைத்திருந்தது. ஓஸையும், ஆயில் பிரிக்கும் டப்பாவையும், அதிலிருந்த கிழிந்த டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வையும் மாற்றினோம். புகை நின்றது.

டர்போ வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பிரீதர் அடைத்தால் டர்போ ஏன் ஆயில் கக்க வேண்டும்?

எவ்வளவு நல்ல என்ஜினாக இருந்தாலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் சுழலும் என்ஜின் அடிப்பகுதிக்குள், இறங்கும். ஷெட்டில் நாம் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். எரிந்த வாயு, எரியாத எரிபொருள், நீராவி, ஆயில் துளி எல்லாம் அதில் கலந்திருக்கும். டர்போ காற்றை அமுக்கிக் கொடுப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, இறங்கும் வாயுவும் கூடுகிறது. அது வெளியே போக வழி இல்லாவிட்டால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறும். டர்போவுக்குப் போகும் ஆயிலோ, ஷாஃப்ட்டை நனைத்துவிட்டுத் தன் எடையால் மட்டுமே அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிகிறது. அதைக் கீழே தள்ள பம்ப் கிடையாது. கீழே அழுத்தம் இருந்தால் ஆயில் வடியாமல் தேங்கும். டர்போ சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய வளையம். தேங்கிய ஆயில் அதைத் தாண்டிச் சைலன்சர் பக்கமும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பக்கமும் கசியும். புது டர்போ மாட்டினாலும் கதை அதேதான்.

டேப்பட் கவர் பேக்கிங், பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றின் கதையும் இதுவே. சீல் மாற்றி மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகினால், மூன்றாவது சீல் வாங்காதீர்கள், பிரீதரைப் பாருங்கள். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நின்றால் இன்னும் அவசரம்.

பெட்ரோல் டர்போவில் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. சாதாரண பெட்ரோல் என்ஜினில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு) வழியாக அதுவே கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்சி எரித்துவிடும். அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு வருவதற்கு முன், வாயுவை ஒரு குழாய் வழியாக அப்படியே ரோட்டில் விட்டுக்கொண்டிருந்தார்கள். டர்போ வண்டியில் மிதித்தவுடன் அதே மேனிஃபோல்டில் வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடுகிறது. அந்த நொடியில் பிசிவி வால்வு ஒருவழிக் கதவாக மூடிக்கொள்ள வேண்டும். வாயு இன்னொரு வழியில், டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே டர்போ காற்றை இழுப்பதால் எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்கும். ஆக வழி இரண்டு: மெதுவாகப் போகும்போது ஒன்று, மிதிக்கும்போது மற்றொன்று.

அதனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று டர்போ இல்லாத மாடலின் பிசிவி வால்வை மாட்டுவது பெரிய தவறு. அது அழுத்தத்தைத் தாங்கி முழுதாக மூடும் என்று நம்ப முடியாது. மூடாவிட்டால் டர்போ அமுக்கிய பூஸ்ட் காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஒருவழி வால்வைத் தலைகீழாக மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். என்ஜினே சுழற்றிக் காற்றை அமுக்கும் சூப்பர்சார்ஜர் நம் பக்கம் அபூர்வம். பெரும்பாலும் அதில் காற்றை அளந்து விடும் திராட்டில் முன்னால், காற்றை அமுக்கும் புளோயர் பின்னால் இருக்கும். உறிஞ்சும் ஓஸ் இவை இரண்டுக்கும் நடுவில் சேர வேண்டும், புளோயர் தாண்டி அல்ல.

நம் வடசென்னைப் பகுதிக்கு என்று ஒரு தொந்தரவு உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றால் மீட்டரில் இரண்டு கிலோமீட்டர்தான் ஏறும். என்ஜின் ஓடியது முக்கால் மணி. தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை போய்ப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் காரில் ஆயில் முழுதாகச் சூடேறுவதே இல்லை. சூடேறாத ஆயிலில் நீரும் எரிபொருளும் ஆவியாகாமல் தங்கும், களி கட்டும், அந்தக் களிதான் பிரீதரை அடைக்கிறது. ஆகவே பத்தாயிரம் கிலோமீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும், இப்படி ஓடும் வண்டிக்கு நான் பாதியிலேயே ஆயில் மாற்றிவிடுவேன். வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில் மாட்டிய வண்டியில் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அது வேறு விஷயம். பிரீதர் நீராவிதான் என்று நினைத்து ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

ஆயில் விடும்போது "கூட ஒரு கால் லிட்டர் இருக்கட்டும்" என்று ஊற்றுவதும் தவறுதான். மட்டம் ஏறினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், பிரீதர் அதை உறிஞ்சி டர்போவுக்கு அனுப்பும். டீசலில் இது எல்லை மீறினால் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள்.

சரி, பிரீதர் வாயுவில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பாவான கேட்ச் கேனுக்கு வருவோம். இளைஞர்கள் ஆசையாக வாங்கி மாட்டுகிறார்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜினில் அதற்கு நியாயம் இருக்கிறது. அங்கே இன்டேக் வால்வைக் கழுவ பெட்ரோல் வருவதில்லை, ஆயில் ஆவி படிந்து கரியாகும். கேன் அதை முழுதாக நிறுத்தாது, குறைக்கும். ஆனால் விலை குறைவாக வரும் பல கேன்கள் உள்ளே வெறும் டப்பாதான். தடுப்போ கம்பி வலையோ இல்லாவிட்டால் ஆவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்விடும். கம்பெனி ஓஸைவிடச் சின்ன ஓஸ் போட்டால் நாமே அடைப்பை உண்டாக்கியதாகிவிடும். ஓஸ் நடுவில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கி வழியை மூடும். டர்போ பக்கத்துச் சூட்டில் மாட்டினால் ஆவி குளிராது, எதுவும் சேராது. சாதாரணத் தண்ணீர் ஓஸ் ஆயில் பட்டு ஊறி, உறிஞ்சலில் சப்பிப்போகும். கேனில் சேர்ந்ததைத் திரும்ப என்ஜினில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் எரிபொருளும் கலந்திருக்கிறது.

பிரீதரைக் கழற்றி, ஒரு குட்டி ஃபில்டரை மாட்டி வெளியே விடுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. உறிஞ்சிக்கொண்டிருந்த வழி போய்விடுகிறது. நெரிசலில் நிற்கும்போது அந்த வாயு ஏசி வழியாக உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு வருகிறது. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் வாழும் நமக்குச் சுவாசிக்க ஏற்கெனவே போதுமான புகை இருக்கிறது.

சோதிப்பது எப்படி? வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் ஊற்றும் துளையின் மேல் ஒரு தடித்த அட்டையை வையுங்கள். பெட்ரோல் வண்டியில் அட்டை லேசாக ஒட்டினால் நல்லது. விசில் சத்தத்தோடு மூடியையே திறக்க முடியாமல் இழுத்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். படபடவென்று தள்ளினால் அடைப்பு அல்லது ரிங் தேய்மானம். டீசலில் கொஞ்சம் தள்ளுவது இயல்பு, அதைப் பார்த்து உடனே சிலிண்டரைக் குடையும் போர் வேலைக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

ஐடிலில் சரியாக இருந்து, மிதிக்கும்போது மட்டும் அழுத்தம் ஏறும் வண்டிகள் உண்டு. அதற்கு நான் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூபைத்தான் பயன்படுத்துகிறேன். ஐடிலில் பலமாக இழுக்கும் வண்டிக்கு மட்டும் இதை மாட்டாதீர்கள், டியூபில் ஊற்றும் தண்ணீரை என்ஜின் குடித்துவிடும். டிப் ஸ்டிக் குழாயில் ஒரு முனையைக் காற்றுப் புகாமல் சொருகி, மறுமுனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, யூ வடிவில் வளைத்துக் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். விடியற்காலையில் மாதவரம் 200 அடி சாலையில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பார்க்கட்டும். இரு பக்கத் தண்ணீருக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அது ஏறக்குறைய 10 மில்லிபார். மிதித்ததும் திறந்த முனைப் பக்கம் தண்ணீர் விறுவிறுவென்று ஏறினால், ஒருவழி வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் டர்போவுக்கு முன்னால் போகும் ஓஸ். அதுவும் நன்றாக இருந்தால் மட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட்.