பகடைச் சுருக்குப்பை பின்னும்போது கை பிசகும் இடங்கள்

வன்னியில் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை, தெரிந்த கைகள் நிறைய உண்டு. மேசை விரிப்பு, கைக்குழந்தைக்குத் தொப்பி, காலுறை என்று பேச்சு வாக்கிலேயே பின்னி முடித்துவிடுவார்கள். அந்தக் கைகள்தான் பகடைப் பையில் சறுக்குகின்றன. விரிப்புக்கு ஓட்டை அழகு, தொப்பிக்கு மெதுமை அழகு. பகடைப் பைக்கு இரண்டுமே ஆகாது.

முதலில் உள்ளே போகப் போவது என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வீட்டில் உருட்டும் தாயக்கட்டை அல்ல. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டுகளோடு பரவிய பல முகக் கட்டைகள். இப்போது கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் வருகிற பொதிகளில் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் இவையும் கிடக்கின்றன. வழமையான ஒரு செட்டில் ஏழு: நான்கு முகம், ஆறு முகம், எட்டு முகம், பத்து முகம் இரண்டு (ஒன்றில் 00 முதல் 90 வரை பத்துப் பத்தாக இருக்கும்), பன்னிரண்டு முகம், இருபது முகம். இருபது முகம் பெரியது, ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் குறுக்களவு. தொல்லை தருவது அது அல்ல, நான்கு முகம். நான்கு பக்கமும் கூர்.

“சித்தி, இது பையைக் குத்திக்கொண்டு வெளியில வருது” என்று பிள்ளை கொண்டுவந்து காட்டுகிற பை பெரும்பாலும் நல்ல வடிவாகவே பின்னப்பட்டிருக்கும். நூலும் ஊசியும் பொருந்தாததுதான் காரணம். கடையில் வாங்குகிற ஊல் நூலின் சீட்டில் 4 மில்லிமீற்றர் ஊசி என்று போட்டிருந்தால் அது சால்வைக்கும் சட்டைக்கும் சொன்னது. பைக்கு 3 அல்லது 3.5 எடுங்கள். கை கொஞ்சம் நோகும், அது சரி. இங்கே கிடைக்கும் பல உருண்டைகளில் சீட்டே இராது. அப்போது ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பின்னிப் பார்த்து, வெயில் விழுகிற யன்னலுக்கு நேரே பிடியுங்கள். கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஊசி பெரிது. பிறகு நான்கு முகக் கட்டையை வைத்துப் பெருவிரலால் அழுத்துங்கள். முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

விரிப்புப் பின்னிய மெல்லிய லேஸ் நூலும் உருக்கு ஊசியும் வீட்டில் இருக்கிறதே என்று அதிலேயே தொடங்குகிறவர்களும் உண்டு. இறுக்கமாக வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பைக்கு அத்தனை சுற்றுப் போடப் பொறுமை இருக்கிறதா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலில் இன்னொரு பிழை, பஞ்சு பஞ்சாக மயிர் எழும் நூலை வாங்குவது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். கட்டைகளில் எண்கள் குழித்து எழுதப்பட்டிருக்கும், அந்தக் குழிகளில் இழை போய் அடைந்துவிடும். பிறகு எட்டா மூன்றா என்று ஊசி முனையால் கிண்டிப் பார்க்க வேண்டும். என் விருப்பம் பருத்தி நூல். எங்கள் வெயிலில் வியர்த்த கைக்கு அக்ரிலிக் ஒட்டும், இழுபடும், மத்தியானத்தில் பின்னிய சுற்று காலையில் பின்னியதைவிட இறுகி நிற்கும். பருத்தியில் அது குறைவு. வெள்ளை மட்டும் வேண்டாம். கிரவல் ஒழுங்கை வழியாக இரண்டு தரம் போய் வந்தால் அது வெள்ளையாக இராது. கடும் சிவப்பு, கடும் நீலம் எடுத்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுச் சாயம் கழருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். நிறையப் பேருடைய பையின் அடித்தட்டு இதில்தான் கெடுகிறது. பிரித்தானியக் குறிப்பில் ‘டபுள் குரோஷே’ என்றால் குட்டைக் கண்ணி: ஊசியை உள்ளே விட்டு, நூலை இழுத்து, இன்னொரு தரம் நூல் சுற்றி இரண்டு வளையத்தாலும் வெளியே எடுப்பது. அமெரிக்கக் குறிப்பில் அதே கண்ணிக்கு ‘சிங்கிள் குரோஷே’ என்று பெயர். அமெரிக்க ‘டபுள்’ என்பது ஊசியில் முதலே ஒரு சுற்று நூல் போட்டுக்கொண்டு செய்யும் உயரக் கண்ணி. அமெரிக்கக் காணொளி பார்த்துப் பழகியவர் பிரித்தானியப் புத்தகத்தை எடுத்து, ஆறு டபுளில் தொடங்கிச் சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டு என்பதை உயரக் கண்ணியில் செய்தால் தட்டு கிண்ணமாகக் குழியும், கண்ணிக்கு நடுவே கட்டை எட்டிப் பார்க்கும். மாறி நடந்தால், அதாவது பன்னிரண்டில் தொடங்கும் அமெரிக்க டபுள் குறிப்பைக் குட்டைக் கண்ணியில் செய்தால், ஓரம் நெளிந்து நெளிந்து நிற்கும். பைக்கு வேண்டியது குட்டைக் கண்ணிதான், குறிப்பில் பெயர் எப்படி இருந்தாலும்.

ஏன் ஆறு? குட்டைக் கண்ணி அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி கூடும்போது சுற்றளவு ஆறு சொச்சம் கூடும். ஆகவே மெஜிக் ரிங்கில் (நுனியை இழுத்தால் நடு ஓட்டை மூடும் தொடக்க நூல் வளையம்) ஆறு, பிறகு 12, 18, 24, 30, 36, 42. மூன்று மில்லிமீற்றர் ஊசியில் ஏழாம் சுற்றில் தட்டு 6.5 அல்லது 7 சென்ரிமீற்றர் அகலம் வரும். ஒரு செட்டுக்குத் தாராளம், விரல்களை விட்டுக் கட்டையைத் துழாவி எடுக்கவும் இடம் இருக்கும். 30இல் நிறுத்தினால் ஏழும் உள்ளே போகும், கைதான் போகாது. ஒவ்வொரு தரமும் கவிழ்த்துக் கொட்டத்தான் வேண்டும்.

தட்டு ஆறு மூலையாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். கட்டைகளின் பாரம் அதை இழுத்து வட்டமாக்கிவிடும்.

சுவர் எழுப்பும்போது முதல் சுற்றைப் பின் இழையில் (கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் பின்னால் இருப்பது) மட்டும் போடுங்கள், தட்டு மடிந்து பை நிற்கும். அதன்பின் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சுற்றின் தொடக்கத்தில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டே போங்கள். அது இல்லாமல் கதைத்துக்கொண்டு பின்னினால் 42 எப்போது 39 ஆனது என்றே தெரியாது, வாய் ஒடுங்கியபின்தான் தெரியும். எட்டு சென்ரிமீற்றர் உயரம் போதும். பூ வேலைக்கென்று நிறம் மாற்றுகிறவர்கள் உள்பக்கம் நீளமாக நூலை ஓட விடக் கூடாது, கட்டையின் மூலை அதில் கொழுவி இழுக்கும்.

இனி கயிறு போகும் ஓட்டைகள். இங்கேதான் ஆகக் கூடப் பிழை. கயிறு ஒரு ஓட்டையால் உள்ளே போய் அடுத்ததால் வெளியே வரும். இரண்டு நுனியும் வெளியே நிற்க வேண்டுமென்றால் ஓட்டை எண்ணிக்கை இரட்டையாக இருக்க வேண்டும். 42 கண்ணியில் ‘ஒரு கண்ணி, ஒரு சங்கிலி, ஒன்றை விடு’ என்று (சங்கிலி என்பது கீழே குத்தாமல் நூலை ஊசியில் உள்ள வளையத்தால் மட்டும் இழுப்பது) போனால் 21 ஓட்டை வரும், ஒரு நுனி பைக்குள் சிக்கிக்கொள்ளும். ‘இரண்டு கண்ணி, ஒரு சங்கிலி, ஒன்றை விடு’ என்று போடுங்கள், 14 வரும். அதற்கு மேலே இரண்டு மூன்று சுற்றாவது பின்ன வேண்டும். விளிம்பிலேயே ஓட்டை வைத்தால் வாய் மூடாது, நடுவில் கட்டை பார்க்கிற அளவுக்கு இடைவெளி நிற்கும்.

ஒற்றைக் கயிறு போட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி முறுக்கும். இரண்டு போடுங்கள். முதற் கயிறு ஒன்றாம் ஓட்டையால் உள்ளே போய் முழுச் சுற்றுச் சுற்றிப் பதினான்கால் வெளியே வரட்டும். இரண்டாவது நேரெதிரே எட்டாம் ஓட்டையால் போய் ஏழால் வரட்டும். இரண்டையும் ஒரே ஓட்டையில் தொடங்கினால் இரண்டு கயிறு போட்டும் பலன் இல்லை. நேரெதிரே இருந்தால் இரு கையாலும் ஒரு இழுப்பு, வாய் நடுவில் வந்து மூடும்.

நீளத்தை வாயை முழுதாக விரித்து வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். சுருக்கிவிட்டு அளந்து வெட்டியவர்களின் பை பிறகு திறக்காது. 21 சென்ரிமீற்றர் வாய்க்கு ஒவ்வொரு கயிறும் முடிச்சோடு சேர்த்து 38, 40 இருக்கட்டும். வெறும் சங்கிலியாகப் பின்னிய கயிறு இழுக்க இழுக்க நீளும். சங்கிலியின் மேலேயே திரும்பி ஒரு வரிசை வழுக்குக் கண்ணி (குத்தி இழுத்த நூலை அப்படியே ஊசியில் உள்ள வளையத்தாலும் எடுப்பது) போட்டுக்கொண்டு வந்தால் விறைப்பாக நிற்கும். உலோகக் கட்டை என்றால் இது கட்டாயம். சிங்க் கலவையில் செய்த ஒரு செட் பெரும்பாலும் 100 கிராமைத் தாண்டும்.

நூல் நுனியை மெழுகுதிரியில் சுட்டு ஒட்டுகிற பழக்கம் நைலோனோடு நிற்கட்டும். அக்ரிலிக் உருகிக் கறுத்த மணியாக இறுகி விரலில் கீறும், பருத்தி கருகி உதிரும். நுனியைத் தையலூசியில் கோத்து ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி, மறுபடி வேறு திசையில் ஓட்டுங்கள். மெஜிக் ரிங்கின் நுனிக்கு இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பாரம் முழுக்க அந்த நடுப் புள்ளியில்தான் இருக்கிறது, அது அவிழ்ந்தால் முதலில் விழுவது நான்கு முகம்.

கழுவினால் சூடான தண்ணீர் வேண்டாம், பருத்தி சுருங்கும். உள்ளே ஒரு துணிப் பந்தை வைத்து நிழலில் காய விடுங்கள். மாரி காலத்தில் ஈரம் போகாத பருத்திப் பைக்குள் கட்டைகளைப் போட்டு அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கழுவாமல் விட்டுத் தை வெயிலுக்குக் கழுவுவதே நல்லது.