கொழுகொம்பு வேண்டாத கொடி

வர்ஜீனியா க்ரீப்பர், பாஸ்டன் ஐவி இரண்டும் சுவரில் தாமாகவே ஒட்டி ஏறும் திராட்சைக் குடும்பத்துக் கொடிகள். ஐந்து சிற்றிலைகள் கைவிரல்போல் விரிந்திருந்தால் முன்னது. பெரும்பாலும் மூன்று மடலுள்ள ஒற்றை இலை என்றால் பின்னது. பாஸ்டன் என்ற பெயரை நம்பிவிடாதீர்கள், அதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா!

முதலில் சுவரைப் பாருங்கள். விரிசல், உதிரும் பூச்சு, பெயரும் பெயின்ட் இருந்தால் பழுது பார்த்த பிறகே நடவேண்டும். மரச்சுவர் என்றால் இந்த ஆசையையே விட்டுவிடலாம்.

அடுத்து, நாற்று. இலை உதிர்ந்திருக்கும் பருவத்தில் பென்சில் தடிமனில், மூன்று நான்கு கணுக்களோடு ஒரு குச்சியை வெட்டுங்கள். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகட்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். சாறு சிலருக்கு அரிக்கும், கையுறை நல்லது.

வேர் பிடித்ததும் சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளிக் குழி எடுத்து நடுங்கள். சுவரோரத்து மண் பெரும்பாலும் காய்ந்து, கட்டடக் கழிவு கலந்து கிடக்கும். ஒரு குச்சியைச் சாய்த்து வைத்துத் தண்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

பிறகு நடப்பதை அருகில் போய்ப் பாருங்கள். இலைக்கு எதிரே கிளைத்த பற்றுக்கம்பி நீளும். வெளிச்சத்தை விட்டு இருட்டுப் பக்கமாக, அதாவது சுவரை நோக்கித் திரும்பும். நுனி சுவரில் பட்ட இரண்டொரு நாளில் சிவந்து பருத்து, சின்ன வட்டாகிப் பசை சுரக்கும். பின் கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டு இறுகும். எதையும் பற்றாத கம்பி வாடி உதிர்ந்துவிடும். குறைந்தது பத்து வயதிருக்கும் என்று கணித்த ஒரு கம்பியின் ஒரேயொரு கிளையில் சார்லஸ் டார்வின் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அது 2 பவுண்டு தாங்கியது!

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான்: காற்றில் பெயர்ந்த பழைய கிளையை மறுபடி சுவரில் அழுத்தினால் ஒட்டாது. அதை வெட்டிவிடுங்கள், புதுத் துளிர் ஒட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஜன்னல், மழைநீர்க் குழாய், கூரை விளிம்பு ஆகியவற்றைச் சுற்றிக் கத்தரியுங்கள். ஓட்டுக்கு அடியில் நுழையவிட்டால் ஓட்டையே தூக்கிவிடும். நீலக்கருமையான பழங்கள் பறவைகளுக்கு விருந்து, நமக்கு நஞ்சு. குழந்தைகள் எட்டும் உயரத்தில் உள்ளவற்றைப் பறித்துவிடுங்கள்.

கொடி வேண்டாம் என்று தோன்றினால் பச்சையாக இழுக்காதீர்கள், பெயின்டும் சேர்ந்தே வரும். அடியில் வெட்டி, முழுக்கக் காயவிட்டு, மெல்லப் பிரித்தெடுங்கள். அப்போதும் வட்டுகள் புள்ளி புள்ளியாகச் சுவரில் நிற்கும். அவற்றுக்கு முரட்டு பிரஷ்தான் வழி.