பூனை பிறாண்டிவிட்டதா? முதலில் குழாயைத் திறங்கள்

மடியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை ஏதோ சத்தம் கேட்டுத் துள்ளி ஓடும். உங்கள் மணிக்கட்டில் சிவப்பு நூல் ஒட்டியதுபோல மூன்று கோடுகள் இருக்கும், ஓரத்தில் கடுகளவு ரத்தம் துளிர்க்கும். நம் வீட்டுப் பூனைதானே என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

முதல் வேலை, கழுவுவது. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுதாக 15 நிமிடம். பலரும் அரை நிமிடத்தில் கையை உதறிவிடுகிறார்கள். கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பூனை அடிக்கடி பாதத்தை நக்குவதால் எச்சில் நகத்திலும் இருக்கும். ரேபிஸ் என்ற வெறிநோய்க் கிருமி இருந்தால் அந்த எச்சிலில்தான் இருக்கும். சோப்பு அதன் மேலுறையைச் சிதைக்கும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். கீறலைத் தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம்.

அடுத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துப் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவுங்கள். வேறு பொடி, எண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அப்புறம் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் வராத சிறு கீறலுக்கும் ரேபிஸ் தடுப்பூசி தேவைப்படலாம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தையும் ஊசியாகப் போட வேண்டிவரலாம். பூனையின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள், அது வெளியே சுற்றி வருமா என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்றும் கேட்பார்கள். கர்ப்பிணிகளும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், பயம் வேண்டாம்.

பூனையை 10 நாள் கவனியுங்கள். ஆனால் ‘பூனை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நீங்களாகவே ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

இன்னொன்றும் உண்டு. பார்ட்டொனெல்லா என்ற பாக்டீரியா, பூனையின் தெள்ளுப்பூச்சிக் கழிவு வழியாக நகத்தில் சேர்ந்து, கீறலில் நுழையும். பெரும்பாலும் 3 முதல் 10 நாளில் அந்த இடத்தில் சிறு கொப்புளம் வரும். கீறல் ஆறியே போயிருக்கும், ஓரிரு வாரம் கழித்து அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வரும். மருத்துவரிடம் மறக்காமல் பூனைக் கீறலைச் சொல்லுங்கள். பலருக்குத் தானாகவே சரியாகும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்தாகலாம்.

கீறல் கண்ணருகே இருந்தாலோ, சுற்றிலும் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தாலோ, இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.