நெடுந்தூர எகானமி பயணம்: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

பள்ளி விடுமுறை முடிந்த வாரங்களில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் டிக்கெட் கடைக்கு வருகிறவர்களில் பலர் டிக்கெட் வாங்க வருவதில்லை, போய் வந்த பயணத்தைப் பற்றிக் குமுற வருகிறார்கள். லண்டனில் தாதியாக வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போனவர்கள், மகனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போனவர்கள். பதின்மூன்று மணி நேரமும் முழங்கால் முன் இருக்கையில் இடித்தது, சாப்பாடு ஆறிப்போயிருந்தது, திரை வேலை செய்யவில்லை, கூப்பிட்டால் யாரும் வரவில்லை. எல்லாம் உண்மைதான். எகானமி வகுப்பில் வரிசைக்கு வரிசை 31, 32 அங்குல இடம்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அதை என்னால் மாற்ற முடியாது.

பேச்சு வளர வளர வேறொன்று வெளியே வரும். மோசமான பயணத்தோடு போயிருக்க வேண்டிய விஷயம், ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) நஷ்டமாக முடிந்திருக்கும். காரணம், என் தலைமுறை செய்து ஓய்ந்த அதே தவறுகள். கடப்பிதழ் காலாவதி, பெட்டியின் எடை போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

இந்து உணவு என்றால் சைவம் என்று நினைப்பது

புரட்டாசி விரதத்தில் இருந்த ஓர் அக்கா இப்படித்தான் ஏமாந்தார். டிக்கெட் போட்ட பிள்ளை உணவுப் பட்டியலில் ‘இந்து உணவு’ என்பதைப் பார்த்ததும் அதையே தேர்ந்தெடுத்துவிட்டான். விமானத்தில் தட்டின் மேலிருந்த அலுமினியத் தாளைப் பிரித்தால் கோழிக்கறி. ரொட்டியையும் வெண்ணெயையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார்.

விமான நிறுவனங்களின் கணக்கில் இந்து உணவு என்றால் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத உணவு. கோழி, ஆடு, மீன், முட்டை எது வேண்டுமானாலும் இருக்கலாம். சைவம் வேண்டுமென்றால் ‘ஆசிய சைவ உணவு’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் குறியீடு ஏவிஎம்எல். இந்து உணவின் குறியீடு எச்என்எம்எல். புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சில நிறுவனங்கள் அதைவிட அதிக நேரம் கேட்கும். விமானம் மாற்றப்பட்டு உங்களை வேறொன்றில் ஏற்றினால், பழைய பதிவில் இருந்த உணவுக் கோரிக்கை புதிய பதிவுக்குப் போகாமல் விடுபடுவது உண்டு. மாற்றம் வந்த உடனே கேட்டுச் சரிபாருங்கள்.

சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படுவது

கட்டணம் கிடையாது. புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன் சொல்லுங்கள். பால்மரம் (ரப்பர் மரம்) சீவித் தேய்ந்த முழங்காலோடு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் நீளத்தை நடந்து கடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இரண்டு டிக்கெட்டுகளை ஒரே பயணமாக எண்ணுவது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

நம் ஊரிலிருந்து ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் பக்கம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு மலிவு விலை விமானம் உண்டு. அங்குள்ள சாங்கி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சில சமயம் கோலாலம்பூர் வழியாகப் போவதைவிடச் சில நூறு வெள்ளி குறைவாக இருக்கும். சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையம் (கேஎல்ஐஏ) வரையிலான நெடுஞ்சாலைப் பயணமும் மிச்சம். கைத்தொலைபேசித் திரை இரண்டு விமானங்களையும் ஒரே வரிசையில், ஒரே விலையோடு காட்டுகிறது. ‘சுயமாக மாறிக்கொள்ள வேண்டும்’ என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் ஓர் ஓரத்தில் கிடக்கும். பிள்ளைகள் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் மகன் இப்படித்தான் டிக்கெட் எடுத்தார். மாலை ஐந்து மணிக்கு ஈப்போவில் புறப்பாடு, ஆறரைக்குச் சிங்கப்பூர், இரவு பதினொன்றரைக்கு லண்டன் விமானம். நடுவில் ஐந்து மணி நேரம். ஆனால் பிற்பகலில் ஈப்போவில் இடியோடு மழை பிடித்தால் எப்படிப் பிடிக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். இவர்களை ஏற்றிப் போக வேண்டிய விமானமே தரையிறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போய், மழை விட்ட பிறகு திரும்பி வந்தது. ஈப்போவை விட்டுக் கிளம்பும்போது எட்டே முக்கால்.

சாங்கியில் இறங்கியபோது மணி பத்தே கால். பெட்டி நேராக லண்டன் போய்விடும் என்று நினைத்து, இருவரும் டிரான்சிட் பகுதிக்கு நடந்தார்கள். பெட்டிக்காக ஈப்போவில் கொடுத்த சின்னத் துண்டுச் சீட்டு போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டியிருந்தது. அதில் தடித்த எழுத்தில் எஸ்ஐஎன் என்று இருந்தது, அதாவது சிங்கப்பூர். லண்டன் வரை போகும் பெட்டியானால் எல்எச்ஆர் என்று இருந்திருக்கும். குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து பதிய (செக்-இன் செய்ய) வேண்டும் என்று அங்கிருந்தவர் சொன்னார். சிங்கப்பூருக்குள் நுழைய முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை அவர்கள் நிரப்பியிருக்கவில்லை. அதை நிரப்பி, வரிசையில் நின்று, பெட்டியைத் தள்ளிக்கொண்டு முகப்புக்கு ஓடியபோது பதிவு மூடியாகிவிட்டது. நெடுந்தூர விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பதிவை மூடிவிடுகின்றன.

“உங்கள் முதல் விமானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை” என்றது இரண்டாவது நிறுவனம். “சிங்கப்பூர் வரை டிக்கெட் வாங்கினீர்கள், கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்” என்றது முதல் நிறுவனம். ஈப்போவில் தாமதத்துக்காகக் கொடுத்த சாப்பாட்டுக் கூப்பனோடு அதன் கடமை முடிந்தது. இரண்டு பதில்களும் ஒப்பந்தப்படி சரியானவை. வயதானவர்கள் இருவரும் அந்த இரவை நாற்காலியில் கழித்தார்கள்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது, அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. போகும் விமானத்தில் ஏறாததால் ‘வரவில்லை’ என்று பதிவாகி, அதே டிக்கெட்டில் இருந்த திரும்பும் பயணமும் ரத்தாகிவிட்டது. பெரும்பாலான வழக்கமான விமான நிறுவனங்களின் விதி இது: டிக்கெட்டின் பகுதிகளை வரிசைப்படி பயன்படுத்த வேண்டும், ஒன்றை விட்டால் அதற்குப் பின்னால் இருப்பவையும் போய்விடும். மகன் மறுநாள் புறப்படும் விமானத்துக்கு இரண்டு புதிய டிக்கெட்டுகள் எடுத்தார். மிச்சப்படுத்தியது 600 வெள்ளி, புதிதாகக் கொடுத்தது 10,000 வெள்ளிக்கு மேல்.

“அண்ணே, ஐந்து மணி நேரம் இடைவெளி விட்டுத்தானே எடுத்தேன்” என்று அந்த மகன் என்னிடம் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படி ஒரு பண்டத்தை ஒரே பயணம்போல் அலங்கரித்து விற்கிறார்களே, அதன் மேல்தான் கோபம். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் ஐந்து மணி நேரம் எதற்கு, இரண்டு மணி நேரமே போதும். முதல் விமானம் தாமதித்தால் அடுத்ததில் ஏற்றி லண்டன் வரை சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் தானாகப் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மின் டிக்கெட்டைத் திறந்து பாருங்கள். ஆறு எழுத்து-எண் கொண்ட பதிவுக் குறியீடு விமானத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் சந்தேகப்படுங்கள். அதன்பின் 13 இலக்க டிக்கெட் எண்ணைப் பாருங்கள். ஒரே பயணத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே டிக்கெட் எண்ணின் கீழ் வர வேண்டும். விமானங்கள் இரண்டு நிறுவனங்களுடையவையாக இருந்தாலும் அப்படித்தான். ஒரே ஆளுக்கு இரண்டு வெவ்வேறு எண்கள் என்றால் அது இரண்டு பயணம்.

வேறொரு நாட்டில் பெட்டியை எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மலேசியர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை என்பதால் அந்தத் தம்பதி தப்பினார்கள். சென்னை வழியாக இப்படித் தனித்தனியாக எடுத்திருந்தால் இந்திய விசா இல்லாமல் பெட்டியைத் தொட்டிருக்கவே முடியாது.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், முதல் விமானம் தாமதிக்கிறது என்றால், ஈப்போவில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டாவது நிறுவனத்தை அழையுங்கள். விமானம் புறப்படுவதற்கு முன் சொன்னால் கட்டணம் வாங்கிக்கொண்டாவது தேதியை மாற்றித் தர வாய்ப்பு உண்டு. புறப்பட்ட பிறகு அழைத்தால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. மிஞ்சாத டிக்கெட்டிலும் பயன்படுத்தாத விமான நிலையக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கேட்டால்தான் தருவார்கள்.

கைப்பையோடு போகும் இளைஞர் ஒருவர், சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கி மறுநாள் ஏறுவதாக இருந்தால் தனித்தனி டிக்கெட் எடுக்கட்டும். பெற்றோருக்கு வேண்டவே வேண்டாம். ஈப்போவிலிருந்து கேஎல்ஐஏவுக்கு நேராகப் பஸ் போகிறது. ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து விமான நிலைய ரயிலில் அரை மணி நேரத்தில் சேரலாம். களைப்புதான். ஆனால் அதற்குப் பிறகு லண்டன் வரை ஒரே டிக்கெட்.

மருந்தைப் பெரிய பெட்டியில் வைப்பது

கைப்பையில் வையுங்கள், மருத்துவர் சீட்டோடு.

பெட்டி வரவில்லை என்றதும் வீட்டுக்குப் போய்விடுவது

வெளியே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். பெட்டி சுழலும் இடத்திலேயே விமான நிறுவனத்தின் முகப்பு இருக்கும். அங்கே புகார் பதிந்து, எண்ணோடு கூடிய படிவத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். பெட்டி உடைந்திருந்தால் படம் எடுங்கள். மலேசியாவும் பிரிட்டனும் ஏற்றுக்கொண்டுள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 21 நாட்கள். நாள் கடந்தால் உரிமையும் போய்விடும். தொலைந்த, தாமதித்த, சேதமான பெட்டிக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. பெட்டி வரும்வரை வாங்கிய உள்ளாடை, கம்பளிச் சட்டை, பற்பசை என எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள்.

பணத்துக்குப் பதிலாக நீட்டிய வவுச்சரை வாங்கிக்கொள்வது

2024 செப்டம்பர் 2 முதல் மலேசிய விதி தெளிவாக இருக்கிறது. விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்தால், பயணம் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில், 30 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். ரத்தான விமானத்துக்கும் அப்படியே. வவுச்சரை நீங்கள் மனமொப்பி ஏற்றால் மட்டுமே அது செல்லும். அவசரத்தில் திரையில் ‘ஏற்கிறேன்’ என்பதைத் தட்டிவிட்டால் பிறகு வாதாட முடியாது. இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே சாப்பாடு உண்டு. ஐந்து மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் போக்குவரத்தும் உண்டு. நிறுவனம் மறுத்தால் புகார் செய்ய வேண்டிய இடம் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம். முன்பு இந்த வேலையைப் பார்த்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது.

விமானத்துக்குள் நடந்ததை ஊருக்கு வந்து சொல்வது

திரை வேலை செய்யவில்லையா, இருக்கை சாயவில்லையா? அங்கேயே தலைமைப் பணியாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இருக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த விமானத்தின் தாமதத்தை மறந்துவிடுவது

கோலாலம்பூரிலிருந்து போகும்போது ஏற்பட்ட தாமதத்துக்கு மலேசிய விதியில் ரொக்க இழப்பீடு இல்லை. ஆனால் லண்டனிலிருந்து புறப்பட்ட விமானத்துக்குப் பிரிட்டிஷ் சட்டம் பொருந்தும், அது எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் சரி. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் பயணி ஒருவருக்கு 520 பவுண்டு. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே என்றால் 260 பவுண்டு. புயல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்ற அசாதாரணக் காரணங்களுக்குக் கிடைக்காது. வழக்கமான இயந்திரக் கோளாறுக்குக் கிடைக்கும். ஒரே டிக்கெட்டில் நடுவில் விமானம் மாறி வந்திருந்தால், கடைசியாகச் சேர வேண்டிய ஊருக்கு எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு. தனித்தனி டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை.

இங்கிலாந்தில் வழக்குத் தொடர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே போன ஆண்டு வந்தவர்களும், அதற்கு முந்தைய ஆண்டு வந்தவர்களும் பழைய போர்டிங் பாஸைத் தேடி எடுக்கலாம். வந்துசேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் கதவு திறந்த நேரம். மூன்று மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு என்று நிறுவனம் பதில் எழுதினால், எந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் விமான எண், தேதி, பதிவுக் குறியீடு மூன்றும் இருக்கட்டும். கணவன் பெயரில் மட்டும் எழுதி அனுப்பாமல், உடன் வந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். தொகை ஆளுக்கு ஒன்று.