பழைய சொகுசு வாட்ச்: பொருந்தும் அசல் உதிரியைத் தேடிப் பிடிப்பது எப்படி

பழைய ஒமேகாவுக்கோ ரோலக்ஸுக்கோ உதிரி தேடுகிறவர்கள் போலிக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதே. ஆனால் காசைத் தின்பதில் போலிக்குச் சளைக்காத இன்னொன்று உண்டு: கம்பெனியே செய்த அசல் உதிரி, ஆனால் உங்கள் வாட்ச்சுக்கு உரியதல்ல. வேறு காலிபருடைய (மூவ்மென்ட், அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தின் வகை) பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் சக்கரம்), வேறு காலத்து டயல், அளவு மாறிய க்ரவுன் (சாவி கொடுக்கும் திருகு). இதைத் தவிர்க்க ஒரே வழி, வாட்ச்சின் பெயரைச் சொல்லித் தேடாமல் எண்ணைச் சொல்லித் தேடுவது.

முதலில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கேஸின் (வெளிக்கூட்டின்) மாடல் எண், மற்றொன்று மூவ்மென்ட்டின் காலிபர் எண். பழைய ரோலக்ஸில் பட்டையைக் கழற்றினால் 12 மணிப் பக்கத்தில் பட்டை மாட்டும் கொம்புகளுக்கு நடுவே மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் தெரியும். பழைய ஒமேகாவில் மாடல் எண் பெரும்பாலும் பின்மூடியின் உட்புறத்திலும், காலிபர் எண் மூவ்மென்ட்டின் மேல்தகட்டிலும் இருக்கும். எண்ணே காணவில்லையென்றால் பேலன்ஸ் வீலுக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மூவ்மென்ட்டைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் முத்திரை அங்கேதான் ஒளிந்திருக்கும். அதுவும் இல்லையா? மூவ்மென்ட்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து 2.256ஆல் வகுத்தால் மூவ்மென்ட்டுகளை அளக்கும் பழைய அலகான லின் அளவு வரும். அந்த அளவோடு, டயல் பக்கமுள்ள செட்டிங் லீவர் ஸ்பிரிங்கின் (நேரம் திருத்தும் லீவரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்) வடிவத்தையும் பழைய கேட்டலாக்கில் ஒப்பிட்டால் காலிபர் அகப்பட்டுவிடும். அந்த ஸ்பிரிங்கின் வடிவம் காலிபருக்குக் காலிபர் மாறும்.

காலிபர் தெரிந்ததும் அதன் குடும்பத்தைப் பாருங்கள். தேடும் வட்டம் சட்டென்று விரியும். ஒமேகா 321 என்பது லெமேனியா என்ற மூவ்மென்ட் நிறுவனத்தின் 2310 குடும்பம். ஒமேகா 550, 552, 561, 565 ஆகியவை ஒரே வம்சம் என்பதால் பல உதிரிகள் பொது. ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்காக எல்லாமே மாற்றிப் போடலாம் என்று எண்ண வேண்டாம். ரோலக்ஸ் 1560 மணிக்கு 18,000 அதிர்வு; 1570 அதே குடும்பம்தான், ஆனால் 19,800. முன்னதன் பேலன்ஸைப் பின்னதில் போட்டால் வாட்ச் ஓடும், நேரம் மட்டும் தாறுமாறாக வரும்.

உதிரிகளுக்கும் சுவிஸ் பொது எண்கள் உண்டு: ஸ்டெம் (க்ரவுனின் தண்டு) 401, செட்டிங் லீவர் ஸ்பிரிங் 445, பேலன்ஸ் ஸ்டாஃப் (பேலன்ஸின் அச்சு) 723, மெயின் ஸ்பிரிங் (வாட்ச்சை ஓட்டும் முதன்மைச் சுருள்) 770. காலிபரும் இந்த எண்ணும் சேர்ந்தால் மொழி தெரியாத வியாபாரிக்கும் விஷயம் புரியும். ஒமேகா, ரோலக்ஸ் போன்றவை தமக்கென்று தனி எண் வரிசை வைத்திருப்பதால், பழைய பொட்டலத்தில் எது அச்சாகியிருக்கிறது என்று கவனியுங்கள். பேலன்ஸ் ஸ்டாஃப் கேட்கும்போது அதிர்ச்சி தாங்கும் அமைப்பு உள்ளதா இல்லாததா என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே காலிபரில் இரண்டு வகையும் வந்திருக்கலாம், அச்சு முனைகளின் அளவு வேறு. ஹேர் ஸ்பிரிங்கை (பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்) தனியாக வாங்காதீர்கள். அது தன் சக்கரத்தோடு பொருத்தி அளவு பார்க்கப்பட்டது, ஆகவே பேலன்ஸை முழுதாக வாங்குவதே உத்தமம்.

எங்கே கிடைக்கும்? ஸ்வாட்ச் குழுமம் 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்கு உதிரி கொடுப்பதை நிறுத்தியதிலிருந்து புதுச் சரக்கு சுருங்கிவிட்டது. பல கம்பெனிகள் வாட்ச்சைத் தங்களிடமே சர்வீஸுக்குக் கொடுத்தால்தான் உதிரி போடும். பட்டேக் ஃபிலிப் 1839 முதல் தான் செய்த எந்த வாட்ச்சையும் பழுது பார்ப்பதாகச் சொல்கிறது. மற்றவர்களுக்கு மிஞ்சுவது கடை மூடிய பழைய மெக்கானிக்குகளின் கையிருப்பும், உதிரிக்காகவே வாங்கிப் பிரிக்கும் மூவ்மென்ட்டும். தங்கக் கேஸை உருக்கிவிட்டு உள்ளே இருந்ததைத் தனியாக விற்பது சாதாரணமாக நடக்கிறது. பேர்பெற்ற காலிபர்கள்கூட அப்படி வரும். ஓடுகிறது என்ற வீடியோவை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஸ்டெம் நுழையும் இடத்தின் படத்தைக் கேளுங்கள், ஈரம் க்ரவுன் வழியாகத்தான் அதிகம் போகும், துருவும் அங்கேதான் தொடங்கும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை பட்டிருக்கிறது என்று பொருள். டயல் திருகு, கேஸ் கவ்வி போன்ற பொடிசுகளும் உடன் வருகின்றனவா என்று பாருங்கள். தனியாகத் தேடினால் நாக்குத் தள்ளும்.

டயலும் முள்ளும்தான் ஏமாற்றுக்கு வாகான இடம். டயலின் பின்பக்கப் படம் இல்லாமல் பேரமே வேண்டாம். டயலை மூவ்மென்ட்டில் பொருத்தும் சிறு கால் வெட்டப்பட்டிருந்தால் அது வேறு மூவ்மென்ட்டிலிருந்து வந்திருக்கலாம். டயலின் முகத்தில் 6 மணிப் பக்கம் T என்ற ஆங்கில எழுத்துக் குறி இருந்தால் இருட்டில் ஒளிரும் பூச்சு டிரிட்டியம்; அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 12.3 ஆண்டு. 1970 டயல் இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முள்ளும் டயலும் சற்று வேறு நிறத்தில் பழுத்திருப்பதில் தவறில்லை, ஆனால் புற ஊதா விளக்கில் ஒன்று எரிந்து மற்றொன்று செத்துக் கிடந்தால் விசாரியுங்கள். இன்னும் பழைய, ரேடியம் பூசிய டயலைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. அதன் தூள் உள்ளே போனால் ஆபத்து.

ரோலக்ஸ் க்ரவுனில் மகுடச் சின்னத்தின் கீழ் மூன்று புள்ளி இருந்தால் அது ட்ரிப்லாக் என்ற நீர்புகா க்ரவுன். 1970 வாக்கில் வந்தது. 1950களின் கேஸில் அது இருந்தால் பின்னாளில் மாற்றியது. கம்பெனி உதிரிதான், அன்றாடம் கட்டுகிறவருக்கு நல்லதும்கூட. சேகரிப்பாளருக்குத்தான் மதிப்பு குறையும்.

ரப்பர் வளையத்துக்கும் மெயின் ஸ்பிரிங்குக்கும் அசலைத் தேடி அலைய வேண்டாம். பழைய நீல எஃகு ஸ்பிரிங் பொட்டலத்தில் புதிதாகவே இருந்தாலும் ஒடியக்கூடும். அகலம், தடிப்பு, நீளம், பேரலின் (ஸ்பிரிங் இருக்கும் உருளையின்) உள்விட்டம் நான்கும் ஒத்துவரும் உலோகக்கலவை ஸ்பிரிங் நன்றாக உழைக்கும்.

வாட்ச்சை மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது எழுத்தில் மூன்று வரி: கேஸைப் பாலிஷ் போடக் கூடாது, டயலையும் முள்ளையும் கேட்காமல் மாற்றக் கூடாது, கழற்றிய பழையவை அனைத்தும் திரும்பி வர வேண்டும். கடைசி வரியைச் சொல்ல மறந்தால் அசல் முள் குப்பைக்குப் போய்விடும். வாட்ச்சை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.