பழைய வீட்டு மரவேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூர்மழுங்கிய உளி, பிசகிய அளவு, நாருக்கு எதிராக ஓட்டிய சீவுளி ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மரமே சில நாட்களில் கற்பித்துவிடும். மட்டக்களப்பின் புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் கல்முனைப் பக்கத்திலும் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் கதவு, நிலை, விறாந்தைத் தூண் ஆகியவற்றைத் திருத்தும் வேலைக்கு இப்போது இளைஞர் பலர் வருகிறார்கள். பழகிய காலத்தில் எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அவர்களும், அதே துணிவோடு செய்கிறார்கள். செய்தவர் கூலியை வாங்கிக்கொண்டு போய், இரண்டு மூன்று மாரி கழிந்த பின்னரே வெளித்தெரியும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

மாரியில் கதவைச் சீவுதல்

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, மழைக்காலத்தில், பலகை காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் பருக்கிறது. கதவு இறுகுகிறது, வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார், சீவுளி வெளியே வந்துவிடுகிறது. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் அதே பலகை சுருங்கி, விரல் நுழையுமளவு இடைவெளி விழுகிறது. அந்தக் கதவு அதே நிலையில் எத்தனையோ மாரிகளைக் கண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இப்போது மட்டும் இறுகுவதற்குக் காரணம் வேறு என்பது விளங்கும். தளர்ந்த பிணைச்சல், விளிம்பில் படைபடையாகச் சேர்ந்த பெயின்ட், பூச்சே காணாத கீழ் விளிம்பு ஆகிய மூன்றையும் பார்த்த பின்னரே சீவுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நிலைக்காலைச் சீமெந்துக்குள் புதைத்தல்

இன்றும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். நிலைக்காலின், அதாவது கதவு நிலையின் பக்கச் சட்டத்தின், அடி அழுகியிருக்கும். அதை அறுத்தெறிந்து, வெற்றிடத்தில் கொங்கிறீற்றை நிரப்பி, சுற்றிவரச் சீமெந்துச் சாந்து பூசி, புட்டி தேய்த்து, எனாமல் அடித்துவிட்டால் வேலை விரைவில் முடிந்துவிடுகிறது; பார்வைக்கும் புதிதாகவே இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "சீமெந்து பலமானதுதானே, அண்ணன்" என்பார்கள். பலம் இங்கு கேள்வியே அல்ல.

பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சாந்தின் நுண்துளைகள் வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மேல் அடர்ந்த சீமெந்தைப் பூசினால், ஈரம் போக வழியின்றிப் பக்கத்திலுள்ள மரத்துக்குள் இறங்குகிறது. மரம் தன் பக்கங்களைவிட, நாருக்குக் குறுக்காக அறுத்த வெட்டுமுகத்தின் வழியாகப் பலமடங்கு வேகமாக நீரை உறிஞ்சும்; அந்த வெட்டுமுகத்தைத்தான் ஈரம் காயாத கொங்கிறீற்றின்மேல் இருத்தி வைக்கிறார்கள். மரத்தின் ஈரப்பதம் 20 வீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகற் பூஞ்சை வளர்வதில்லை. அதற்கு மேல் ஏறி நீண்டகாலம் நின்றுவிட்டால் முதிரை போன்ற வைர மரமும்கூடத் தோற்றுப்போகும். மேலே அடித்த எனாமல் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதோடு, நடக்கும் அழுகலைக் கண்ணுக்கும் மறைத்துவிடுகிறது.

புளியந்தீவில் ஒரு வீட்டுத் தலைவாசலில் முழுவதும் முதிரையாலான இரட்டைக் கதவு இருந்தது. நிலையின் மேற்சட்டத்தில் கொடிச் செதுக்கல். ஒப்பந்தகாரர் ஒருவர் இரு நிலைக்கால்களையும் மேற்சொன்னவாறே "திருத்தி"க் கொடுத்திருந்தார். கதவு தாழ்ந்து நிலத்தில் உரசுகிறது என்று சில ஆண்டுகளின் பின் என்னை அழைத்தபோது, பெயின்ட் பளபளப்புக் குறையாமலே இருந்தது. குத்தூசியை வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போயிற்று. முழங்கால் உயரத்துக்கு மேலும் மரம் பஞ்சாகியிருந்தது. கொங்கிறீற்றை உடைத்தபோது ஏற்பட்ட அதிர்வில் மேற்சட்டமும் செதுக்கலோடு பிளந்தது. தொடக்கத்தில் ஒரு சாண் துண்டு ஒட்டுப்போட்டால் தீர்ந்திருக்கக்கூடிய வேலைக்கு முழு நிலையையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த அகலத்தில் வைரம் பாய்ந்த முதிரை இன்று காசு கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதில்லை.

முறையாகச் செய்வதானால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வீதியையோ முற்றத்தையோ உயர்த்தியதால் வெள்ளம் வாசலுக்குத் திரும்பியிருக்கலாம். கூரைப் பீலி ஒழுகிக்கொண்டிருக்கலாம். அது சரியான பின்னர், நல்ல மரம் தெரியும்வரை மட்டும் அழுகலை வெட்டி, வெட்டு வெளிப்புறமாகக் கீழ்நோக்கிச் சாயும்படி சீவி, அதே இன மரத்தில் அதே நார் ஓட்டத்தோடு செய்த துண்டைப் பொருத்தி, மர ஆணியால் இறுக்க வேண்டும். அடியில் கருங்கல் துண்டொன்றை வைத்து, கல்லுக்கும் வெட்டுமுகத்துக்கும் இடையில் ஈயத் தகடு இட்டால் கீழிருந்து ஈரம் ஏறாது. சுவர்ப்பக்க இடைவெளிக்குச் சுண்ணாம்புச் சாந்தே போதும். இதற்கு நாட்கள் கூடுதலாகச் செல்லும் என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரும்புத் திருகாணி

உப்புக் காற்றில் இரும்பு துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும், பித்தளையே ஏற்றது. ஆனால் முதிரையில் பித்தளையை நேரே செலுத்தினால் தலை முறிந்து கையோடு வரும். துளையிட்டு, அதே அளவுள்ள உருக்குத் திருகாணியால் புரி பதித்துவிட்டுக் கழற்றிய பின் பித்தளையை ஏற்றுங்கள்.

பழைய பெயின்டை மெஷினால் தேய்த்தல்

அடியிலுள்ள பழைய படைகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். அந்தத் தூள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நஞ்சாகும். முதிரைத் தூளும் சிலருடைய தோலில் தடிப்பை உண்டாக்கும். ஈரப்படுத்திக் கையால் சுரண்டுவதே முறை. அதோடு, மெஷின் பழைய தச்சரின் சீவுளித் தடங்களையும் செதுக்கலின் கூர் விளிம்புகளையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறது.

காஸ்டிக் சோடாவால் பெயின்டைக் கழற்றுதல்

வேண்டாம்.

அனுமதி பெறாமை

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடமானால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி கிடைக்கும்வரை ஓர் ஆணியையும் கழற்றாதீர்கள்.

கறையானுக்குக் கழிவு எண்ணெய்

கறையான் பெரும்பாலும் மண்ணிலிருந்தே ஏறுகிறது. மரத்தில் எண்ணெய் பூசுவதால் புற்று அழிவதில்லை. எண்ணெய் ஊறிய பலகையில் பின்னர் பெயின்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது.