பிசியோ கிளினிக்குக்கு ஆள் வரவில்லையா? நான் செய்ததைச் செய்யாதீர்கள்

போன மாதம் திருப்பூரில் புதிதாக கிளினிக் திறந்த ஒரு தம்பி, "அண்ணா, பேனர் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். 21 சிட்டிங் (ஒரு தடவை வந்து எடுக்கும் சிகிச்சை ஒரு சிட்டிங்), 6,300 ரூபாய்க்குப் பதில் 5,000 மட்டுமே, இன்றே முன்பதிவு செய்யுங்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே பேனர், நிறம் மட்டும்தான் வேறு. ஆள் வராததற்குப் போர்டு சின்னது, மாடிப்படி செங்குத்து என்று சொல்லும் காரணமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே பேக்கேஜ் விற்பது

இந்த யோசனை எனக்கு ஒரு அமெரிக்க கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை) மார்க்கெட்டிங் வீடியோவில் கிடைத்தது. அங்கே அது எப்படி ஓடுகிறதோ தெரியாது. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கும் ஊரில் ஒருவரை 5,000 ரூபாய் மொத்தமாகக் கட்டச் சொன்னால் அவர் யாரிடமாவது கைமாற்று வாங்கித்தான் கட்டுவார். நான் அதை யோசிக்கவே இல்லை, வாடகை மூன்று மாதம் பாக்கி.

கழுத்து வலியோடு ஓவர்லாக் டைலர் அக்கா ஒருவர் வந்தார். பணம் கட்டினார். ஏழாவது சிட்டிங்கில் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. எட்டாவது நாள் வந்து, "ஏனுங்க சார், வலியே இல்லீங்க, இன்னும் பதினாலு நாளைக்கு நான் எதுக்குங்க வரோணும்? மீதியைக் குடுத்துருங்க" என்றார். பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதுக்குக் கீழே பொடி எழுத்தில் அடித்திருந்ததைக் காட்டினேன். அவர் சண்டை போடவில்லை, ரசீதை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வேலை பார்த்த தையல் லைனில் நாற்பது பேர், எல்லோருக்கும் கழுத்தும் தோளும்தான் வலி. ஒருத்தர்கூட என் கிளினிக் படி ஏறவில்லை. வலியைக் குறைத்தவனும் நான்தான், பெயரைக் கெடுத்துக்கொண்டவனும் நான்தான். இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பேக்கேஜ் பணம் வருமானம் இல்லை, நீங்கள் இன்னும் செய்து முடிக்காத வேலைக்கான கடன். நான் அதை வாங்கிய கையோடு டிராக்‌ஷன் டேபிளுக்கு (கழுத்தையும் இடுப்பையும் மெல்ல இழுத்துவிடும் படுக்கை) தவணை கட்டினேன். அடுத்த மாதம் மூன்று படுக்கையும் நிறைந்திருக்கும், கல்லாவில் ஒரு ரூபாய் வராது, ஏனென்றால் படுத்திருப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கட்டியவர்கள். உடனே புது ஆள் வேண்டும், அதற்கு இன்னொரு தள்ளுபடி.

அப்புறம் மாற்றிக்கொண்டேன். முதல் நாளே, "மூணு சிட்டிங் பார்ப்போம், மாற்றம் தெரியலேன்னா நானே வேற இடத்துக்கு அனுப்புறேன்" என்று சொல்லிவிடுவேன், பணம் அன்றன்றைக்கு. சர்க்கரை உள்ளவருக்குத் தோள் இறுகிப்போயிருந்தால் மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் அப்போதே சொல்வேன். முடிந்து போகும்போது என்னென்ன பயிற்சி என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாள் பக்கத்து மிஷின்காரர் கைக்குப் போகிறது, அவரும் ஒருநாள் வருகிறார்.

டாக்டருக்குக் கமிஷன்

நோயாளியை அனுப்பிவைக்கும் டாக்டருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டாம். 2002 மருத்துவ நெறிமுறை விதிகள்படி அவர் வாங்குவதே தவறு. அதற்குப் பதில், அவர் அனுப்பிய நோயாளி இப்போது கையை எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்று நாலு வரிக் கடிதம் அனுப்புங்கள்.

நெட்டி முறிக்கும் ரீல்ஸ்

கழுத்தைத் திருப்பி 'டக்'கென்று சத்தம் வர வைத்து வீடியோ போட்டால் பார்வைகள் குவியும், மறுக்கவில்லை. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயு குமிழியிடுவதால் வருவது, எலும்பு 'செட்' ஆகும் சத்தம் இல்லை. அதைப் பார்த்து வருகிறவர் சத்தத்துக்காகத்தான் வருவார், பயிற்சி செய்யச் சொன்னால் மறுநாள் காணாமல் போவார். அரிதாகத்தான் என்றாலும் கழுத்தைத் திருகும்போது ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. கேமராவுக்காக அந்த ஆபத்தை எடுக்க நீங்கள் யார்? வாரக்கடைசிப் பயிற்சி முடித்துவிட்டு போர்டில் 'கைரோபிராக்டர்' என்று சேர்த்துக்கொள்வதும் இதே ரகம்தான், அமெரிக்காவில் அது பல வருடப் படிப்பு.

போனை எடுக்காமல் விடுவது

எடுங்கள்.

இலவசத்தோடு போட்டி

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாக பிசியோ செய்கிறார்கள். அதற்குப் பயந்து ஒரு சிட்டிங்குக்கு வாங்கிய 300 ரூபாயை 150 ஆக்கினேன். கூட்டம் கூடவில்லை, ஒருவருக்குக் கொடுக்கும் நேரம்தான் பாதியானது. காசு கொடுத்து வருகிறவர் வாங்குவதே அந்த நேரத்தைத்தான்.

கிளினிக் நேரம்

காலை 10 முதல் 1, மாலை 5 முதல் 8 என்று எல்லோரும் வைப்பதுபோல நானும் வைத்திருந்தேன். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் கம்பெனியை விட்டு வெளியே வரவே எட்டரை ஆகும், அவர் வரும்போது நான் ஷட்டரை இழுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன். இப்போது இரவு பத்து வரை திறந்திருக்கிறேன், வீட்டில் திட்டு விழுகிறது. பாதிப் பேர் ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறார்கள்.